நான்கு போல்ட்டை நம்பி ஒரு போகம்!

பவர் டில்லர், மினி டிராக்டர் எஞ்சின்களில் ஹெட் போல்ட் பராமரிப்பு... வாசகர் சந்தேகங்களுக்கு விளக்கங்களுடன்!

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கே பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை பகுதிகளில் நெல் விவசாயிகளுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்கள். ஒரு பட்டத்தின் அறுப்பை முடித்து, அடுத்த பட்டத்துக்குச் சேறு அடிக்கக் கிடைக்கும் நாள்கள் மிகக் குறைவு. நாற்றங்காலில் நாற்றுக்கு வயது ஏறிக்கொண்டே போகும். மடை திறந்துவிட்டால் தண்ணீரும் காத்திருக்காது. அந்த நேரம் பார்த்துத்தான் பவர் டில்லர் பாதிச் சேற்றில் ஆவி கக்கிக்கொண்டு நிற்கும். வந்து பார்க்கும் மெக்கானிக், ‘கேஸ்கட் போயிடுச்சு’ என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

கேஸ்கட் போனது உண்மைதான். ஆனால், அது ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை. புது கேஸ்கட் வைத்து, பழைய போல்ட்டையே போட்டு, கைப்பலத்துக்கு இறுக்கி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டே மாதத்தில் அதே எஞ்சின் அதே கோளாறோடு திரும்பி வருகிறது. பல நேரங்களில் இதற்குக் காரணம், கேஸ்கட்டை அழுத்திப் பிடிக்க வேண்டிய ஹெட் போல்ட்கள் அந்த வேலையை எப்போதோ விட்டுவிட்டதுதான். அளந்து இறுக்கினால், செலவில்லாமல் தவிர்க்கக்கூடிய கோளாறு இது.

போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்தான்!

சிலிண்டர் பிளாக், அதன் மேல் ஹெட், இரண்டுக்கும் நடுவில் கேஸ்கட். மூன்றையும் சேர்த்துப் பிடிப்பவை ஹெட் போல்ட்கள். சில எஞ்சின்களில் போல்ட்டுக்குப் பதில், பிளாக்கில் பதித்த ஸ்டட்டும் அதன் மேல் நட்டும் இருக்கும். ஒற்றை சிலிண்டர் எஞ்சினில் பெரும்பாலும் 4 முதல் 6 வரைதான் இருக்கும்.

அவை தாங்கும் பாரத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிலிண்டரின் உள்விட்டம் 95 மி.மீ. என்றால், அதன் பரப்பு சுமார் 70 சதுர சென்டிமீட்டர். டீசல் எரியும்போது ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 70 கிலோ அளவுக்கு அழுத்தம் வருவதாக வைத்துக்கொண்டால், ஹெட்டை மேலே தூக்கும் விசை ஏறக்குறைய 5 டன். நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடும் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்த 5 டன் இடி நிமிடத்துக்கு 1,000 முறை விழுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 60,000 முறை!

இத்தனை இடிக்கும் ஹெட் அசையாமல் இருப்பதற்குக் காரணம், போல்ட்டின் இழுவை. போல்ட்டை முறுக்கும்போது அது ரப்பர் போல மிக நுண்ணிய அளவில் நீள்கிறது. 100 மி.மீ. நீளப் போல்ட் என்றால் சுமார் 0.2 மி.மீ. நீளும். இரண்டு காகிதத்தின் தடிமன் அளவுதான். நீண்ட போல்ட் மீண்டும் சுருங்கப் பார்க்கும். அந்தச் சுருங்கும் விசைதான் ஹெட்டைப் பிளாக்கோடு சேர்த்து அழுத்துகிறது.

புது கேஸ்கட் சூடாகி ஆறும்போது கொஞ்சம் அமுங்கும். அது 0.05 மி.மீ. அமுங்கினாலே, 0.2 மி.மீ. நீட்சியில் கால் பங்கு காணாமல் போய்விடும். போல்ட் ஒரு மரைகூடக் கழன்றிருக்காது; ஸ்பேனர் வைத்தால் இறுக்கமாகவே தெரியும். ஆனால், பிடிப்பு குறைந்திருக்கும். ஒவ்வொரு இடிக்கும் ஹெட் இம்மியளவு தூக்கிக்கொடுக்க, நெருப்பு அந்த இடுக்கில் புகுந்து கேஸ்கட்டை அரிக்கத் தொடங்கும்.

அளவுக்கு மேல் இறுக்கினாலும் ஆபத்துதான். ஒரு எல்லையைத் தாண்டி நீட்டிவிட்டால் போல்ட் பழைய நீளத்துக்குத் திரும்பாது. நடுப்பகுதி மெலிந்துபோகும் அல்லது பிளாக்கில் உள்ள மரை பிய்ந்து வரும். ‘பைப் போட்டு ஒரு இழு இழுத்தேன், கல்லு மாதிரி நிக்குது’ என்று சொல்லப்படும் போல்ட், பல நேரங்களில் செத்துப்போன போல்ட்டாகவே இருக்கும்.

முன்கூட்டியே தெரியும் அறிகுறிகள்

எஞ்சின் திடீரென்று நிற்பதில்லை. சில நாள்கள் முன்பிருந்தே சொல்லிக்கொண்டுதான் இருக்கும்.

• கேஸ்கட் ஓரத்தில் எண்ணெய்க் கசிவு, கரிப் படிவு, ‘பொஸ் பொஸ்’ என்ற காற்றுச் சத்தம்.

• ரேடியேட்டர் தண்ணீரில் விடாமல் குமிழி வருதல். ஆறிய எஞ்சினை மூடி திறந்து ஸ்டார்ட் செய்த உடனே பார்க்க வேண்டும். சூட்டில் மூடியைத் திறக்கக் கூடாது.

• வெளியே ஒழுக்கு இல்லாமலேயே தண்ணீர் குறைதல், சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை.

• எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறுதல். இந்த நிலையில் எஞ்சினை ஓட்டவே கூடாது. தண்ணீர் கலந்த ஆயில் பேரிங்கை அழித்துவிடும்.

• காலையில் ஹேண்டில் சுற்றும்போது பாதியில் கல்லில் முட்டியது போல் நிற்பது. சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கலாம். அதையும் மீறிச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

இறுக்குவதற்கு முன்...

பாதி வேலை, போல்ட்டை முறுக்கும் முன்பே முடிந்துவிடுகிறது. முறுக்குவதற்குக் கொடுக்கும் பலத்தில் ஏறக்குறைய 90 சதவிகிதம், மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் ஏற்படும் உராய்வுக்கே செலவாகிறது. மீதி 10 சதவிகிதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. மரையில் துருவும் மண்ணும் இருந்தால், உராய்வு இன்னும் கூடும். கருவி சரியான அளவைக் காட்டும். போல்ட்டிலோ பாதி இழுவைகூட இருக்காது.

எனவே, போல்ட்களை டீசலில் ஊறவைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். பிளாக்கில் உள்ள துளை மரையையும் சுத்தம் செய்ய வேண்டும். அடிமூடிய துளையில் எண்ணெயோ, தண்ணீரோ தேங்கியிருந்தால் காற்றடித்து வெளியேற்றிவிட வேண்டும். தேங்கிய திரவத்தின் மேல் போல்ட்டை முறுக்கினால், அது போக வழியில்லாமல் பிளாக்கையே விரிசல் விடவைக்கும்.

கையேட்டில் மரைக்கு எண்ணெய் தடவச் சொல்லியிருந்தால், மரையிலும் வாஷர் மேலும் ஒரு சொட்டு எஞ்சின் ஆயில் போதும். உலர்வாக இறுக்கச் சொல்லியிருந்தால், எண்ணெய் தடவக் கூடாது. கிரீஸை அப்பிவிட்டு அதே அளவுக்கு இறுக்கினால், உராய்வு குறைந்து போல்ட் அளவுக்கு மேல் நீண்டுவிடும்.

ஹெட்டின் அடிப்பரப்பில் நேர் விளிம்புப் பட்டையை வைத்து, இடைவெளியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். பல சிறிய எஞ்சின்களுக்கு 0.05 மி.மீ. வரைதான் அனுமதி. அதற்கு மேல் வளைந்திருந்தால், லேத் பட்டறையில் கொடுத்து ஃபேஸிங் அடித்த பிறகே பூட்ட வேண்டும். வளைந்த ஹெட்டை எந்தப் போல்ட்டாலும் நிமிர்த்த முடியாது.

மூன்று சுற்று... நடுவிலிருந்து ஓரத்துக்கு!

1. எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். களையெடுக்கும் கருவிகளில் வரும் சிறிய பெட்ரோல் எஞ்சின்களின் ஹெட் அலுமினியம். இரும்பைப் போல் ஏறக்குறைய இரு மடங்கு விரியும் உலோகம் அது. சூட்டில் இறுக்கினால் அளவு தவறிவிடும்.

2. எல்லா போல்ட்களையும் முதலில் கையால் முட்டும் வரை சுற்ற வேண்டும்.

3. சொல்லப்பட்ட அளவில் மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு, முழு அளவு என மூன்று சுற்றாக இறுக்க வேண்டும்.

4. நான்கு போல்ட் எனில், எதிரெதிர் மூலையாகக் குறுக்கே மாற்றி மாற்றிச் செல்ல வேண்டும். இரண்டு, மூன்று சிலிண்டர் மினி டிராக்டர் எனில், நடுவில் தொடங்கி ஓரம் நோக்கிச் செல்ல வேண்டும். கழற்றும்போது ஓரத்திலிருந்து நடுவுக்கு வர வேண்டும்.

5. முடித்தவுடன் டேப்பெட் கிளியரன்ஸ் பார்ப்பது கட்டாயம். ஹெட் கீழே இறங்கினால் ராக்கர் இடைவெளி குறையும். வால்வு முழுதாக மூடாமல் கருகிப்போகும். ‘ஹெட் டைட் பண்ணின பிறகு இழுவை போச்சு’ என்ற புகாருக்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

இறுக்க வேண்டிய அளவு எஞ்சினுக்கு எஞ்சின் மாறும். பக்கத்து வயல்காரர் சொல்லும் அளவு உதவாது. அந்த எஞ்சினின் கையேட்டைத்தான் பார்க்க வேண்டும். அளவு எந்த அலகில் இருக்கிறது என்பதும் முக்கியம். 1 கிலோ மீட்டர் முறுக்கு என்பது சுமார் 9.8 நியூட்டன் மீட்டர். பவுண்டு அடிக் கணக்கில் சுமார் 7.2. கையேடு 60 நியூட்டன் மீட்டர் என்று சொல்லியிருக்க, கருவியில் 60 பவுண்டு அடி வைத்து இறுக்கினால், 35 சதவிகிதம் அதிகமாகிவிடும்.

மறு இறுக்கம் யாருக்கு?

நார், கிராஃபைட் கலந்த கேஸ்கட் போட்ட எஞ்சின்களில், ஹெட் பூட்டிச் சில மணி நேரம் ஓட்டிய பிறகு, ஆறவைத்து ஒருமுறை மீண்டும் இறுக்கும்படி கையேடு சொல்லியிருக்கும். கேஸ்கட் அமுங்கிய அளவை ஈடுகட்டத்தான் அது. பலரும் தவறவிடுவது இதைத்தான். பழுது பார்த்த மறுநாளே வண்டி வயலுக்குப் போய்விடுகிறது. பிறகு ஸ்பேனர் வைக்க யாருக்கும் நினைவு வருவதில்லை. பல அடுக்கு எஃகுத் தகடு கேஸ்கட் உள்ள எஞ்சின்களில் மறு இறுக்கம் பெரும்பாலும் தேவைப்படாது. குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கிய பின் இத்தனை டிகிரி திருப்ப வேண்டும் என்று கையேடு சொல்லும் போல்ட்களை மறுபடி தொடவே கூடாது. அந்த வகைப் போல்ட்களில் பலவற்றைக் கழற்றினால், புதிதுதான் போட வேண்டும்.

தலையில் எழுதியிருப்பதைப் படியுங்கள்!

போல்ட்டின் தலையில் 8.8, 10.9 என்று பொறித்திருப்பது அதன் பலம். 8.8 என்றால், அறுந்துபோகும் எல்லை சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன். அதில் 80 சதவிகிதமான 640-ஐத் தாண்டினால் நிரந்தரமாக நீண்டுவிடும். எண்ணே பொறிக்காத சாதாரணக் கடைப் போல்ட்டில் பலவும் 4.6 தரம்தான். அது 240-லேயே நீளத் தொடங்கிவிடும். பார்வைக்கு ஒரே தடிமன், ஒரே நீளம். தாங்கும் பலமோ பாதிகூடக் கிடையாது. ஹெட்டுக்கு அதைப் போட்டு முழு அளவுக்கு இறுக்கினால், இறுக்கும்போதே கெட்டுப்போகும்.

சென்னைக்கு மேற்கே பாடியில் 1966 முதல் உயர்பலப் போல்ட் தயாரித்து வருகிறது சுந்தரம் ஃபாஸ்னர்ஸ் நிறுவனம். ‘டி.வி.எஸ் போல்ட்’ என்று கேட்டு வாங்கும் பழக்கம் அதிலிருந்து வந்ததுதான். எந்த நிறுவனத்தின் போல்ட்டாக இருந்தாலும், தயாரிப்பாளர் குறியும் தர எண்ணும் தலையில் இருக்க வேண்டும். காயலான்கடையில் எடுக்கும் போல்ட்டில் 10.9 என்றே எழுதியிருந்தாலும், ஏற்கெனவே நீண்டதா, துரு தின்றதா என்பது தெரியாது. பழைய போல்ட்டைப் புது போல்ட்டோடு மரைக்கு மரை பொருத்திப் பார்த்தால், நீண்டிருப்பது கண்ணுக்குத் தெரியும். நட்டு கையாலேயே கடைசி மரை வரை தடையின்றி ஓடவில்லை என்றால், அந்தப் போல்ட்டை ஒதுக்கிவிடலாம்.

மீஞ்சூர் தண்ணீரும் எஞ்சின் சூடும்

எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால், ஹெட் அதிகமாக விரிந்து கேஸ்கட்டை நசுக்கும். ஆறும்போது பிடிப்பு தளர்ந்துவிடும். எனவே, குளிரூட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொள்வதும் ஹெட் போல்ட் பராமரிப்பில் ஒரு பகுதிதான்.

ஆரணியாறு, கொசஸ்தலையாற்றுப் படுகையில் மீஞ்சூர், பொன்னேரி சுற்றுவட்டாரத்தின் நிலத்தடியில் கடல்நீர் உள்ளே வந்திருப்பது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட பிரச்னை. அந்த உப்புத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால், உள்ளே உப்புப் படிந்து சூடு வெளியேறாது. ஸ்டட்டும் பிளாக்கும் துருப்பிடிக்கும். சுத்திகரித்த நீரோடு கூலன்ட் கலந்து ஊற்றுவதே நல்லது. அவசரத்துக்கு, சுத்தமாகப் பிடித்துவைத்த மழைநீர் போர்த் தண்ணீரைவிட மேல்.

சேறு அடிக்கும் நாள்களில் ரேடியேட்டர் சல்லடையில் வைக்கோலும் சேறும் அப்பிக்கொள்ளும். தினமும் மாலையில் சுத்தம் செய்ய வேண்டும். சூடேறி நிற்கும் எஞ்சின் மேல் வாய்க்கால் தண்ணீரை வாரி ஊற்றக் கூடாது. ஹெட் வளைவதற்கும் வெடிப்பதற்கும் அது ஒன்றே போதும்.

சிப்காட் சொல்லித்தரும் பாடம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றியுள்ள கிராமங்களில், ஷிப்ட் வேலைக்கும் போய், நிலத்தையும் பார்க்கும் குடும்பங்கள் உண்டு. எஞ்சின், கியர்பாக்ஸ் பூட்டும் ஆலைகளில், முக்கியமான போல்ட்டை யாரும் கைப்பலத்தில் இறுக்கிவிட்டுப் போவதில்லை. அளவு வைத்த கருவியால் இறுக்குவார்கள். முடிந்ததும் போல்ட் தலையிலிருந்து அடிப்பரப்பு வரை பெயின்ட்டால் ஒரு கோடு இழுப்பார்கள். ‘இது இறுக்கியாகிவிட்டது’ என்பதற்கு அதுதான் சாட்சி. பின்னால் கோடு விலகியிருந்தால், போல்ட் சுழன்றுவிட்டது என்று அர்த்தம்.

வீட்டில் இருக்கும் பவர் டில்லருக்கும் இதே முறையைச் செய்யலாம். ஆனால், கேஸ்கட் அமுங்கியதால் குறையும் பிடிப்பு கோட்டில் தெரியாது. அதற்குத்தான் மறு இறுக்கம்.

இன்னொரு பழக்கம், எழுதிவைப்பது. ஹெட் பிரித்த தேதி, ஓடிய மணி நேரம், இறுக்கிய அளவு, மறு இறுக்கம் செய்த தேதி என நான்கு வரி போதும். கூட்டாக வைத்திருக்கும் கருவிகளுக்கு இது இன்னும் அவசியம். 2017-ம் ஆண்டு தொடங்கப்பட்ட கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 100 விவசாயிகள் கொண்ட குழுவுக்கு 5 லட்சம் ரூபாய் கொடுக்கப்பட்டு, கருவிகள் வாங்கப்பட்டன. பத்துப் பேர் ஓட்டும் கருவியில், ‘அவர் பார்த்திருப்பார்’ என்று ஒவ்வொருவரும் விட்டுவிடுவது இயல்பு. கருவியோடு ஒரு நோட்டும், குழுவுக்குப் பொதுவாக ஒரு டார்க் ரெஞ்சும் இருந்தால், பல பழுதுகள் வயலுக்கே வராது.

சந்தேகங்களும் விளக்கங்களும்

ரேடியேட்டரில் குமிழி வருகிறது. போல்ட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் நின்றுவிடுமா?

கேஸ்கட்டை நெருப்பு அரித்திருந்தால் நிற்காது. சில நாள்களுக்கு அடங்கியது போல் இருக்கும்; அதற்குள் ஹெட், பிளாக் பரப்பிலும் தடம் விழுந்து செலவு கூடிவிடும். ஆறிய எஞ்சினில் சரியான அளவுக்கு ஒருமுறை இறுக்கிப் பார்க்கலாம். குமிழி தொடர்ந்தால், ஹெட்டைப் பிரித்துவிட வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் யாரிடமும் டார்க் ரெஞ்ச் இல்லை. வேறு வழி உண்டா?

தொங்கு தராசு உதவும். போல்ட்டின் மையத்திலிருந்து 50 செ.மீ. தள்ளி ஸ்பேனர் கைப்பிடியில் தராசு கொக்கியை மாட்டி, கைப்பிடிக்குச் செங்குத்தாக இழுக்க வேண்டும். தராசு 12 கிலோ காட்டினால், 6 கிலோ மீட்டர் முறுக்கு. அதாவது, சுமார் 59 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் அளவுக்குத் துல்லியம் வராது என்றாலும், எல்லா போல்ட்டும் ஒரே அளவில் இறுகும். டார்க் ரெஞ்ச் வாங்கினால், அதை வைத்துப் போல்ட் கழற்றக் கூடாது. ‘கிளிக்’ வகையாக இருந்தால், வேலை முடிந்ததும் அளவைக் கடைசிவரை குறைத்துவைக்க வேண்டும்.

பழைய கேஸ்கட் நன்றாகத்தான் இருக்கிறது. பசை தடவித் திரும்பப் போடலாமா?

கூடாது. ஒருமுறை அமுங்கிய கேஸ்கட் மறுபடி பள்ளம் மேடுகளை நிரப்பாது. கையேடு சொல்லாதபோது பசையும் தேவையில்லை. பிதுங்கும் பசை தண்ணீர், ஆயில் துளைகளை அடைத்துவிடும்.

போல்ட் உடைந்து பாதி பிளாக்குக்குள் மாட்டிக்கொண்டது. பிளாக் அவ்வளவுதானா?

பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு இரவு ஊறவைத்து, மேலே துருத்தியிருந்தால் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து கழற்றுவார்கள். உள்ளே முறிந்திருந்தால், நடுவில் துளையிட்டு எக்ஸ்ட்ராக்டர் போட்டு எடுப்பார்கள். மரை பிய்ந்திருந்தால், துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் மரை பதிக்கலாம். இதை வயலில் உளியும் சுத்தியலும் வைத்து முயற்சி செய்யாமல், லேத் பட்டறைக்குக் கொண்டுபோவதே நல்லது.

முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே போவது?

ஆந்திர மாநிலம் அனந்தபூர் மாவட்டம் கார்லதின்னேயில், மத்திய அரசின் தென்மண்டல வேளாண் இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிலையம் இருக்கிறது. பவர் டில்லர்களைப் பரிசோதித்து அறிக்கை தரும் நிலையம் இது. விவசாயிகளுக்கும் மெக்கானிக்குகளுக்கும் பயிற்சி அளிக்கிறது. திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள், வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தையும் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகி, பயிற்சி நாள்களைக் கேட்டறியலாம்.

பட்டம் தொடங்கும் முன்...

சேறு அடிக்க இறங்குவதற்கு ஒரு வாரம் முன்பு, எஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் இவற்றைப் பார்த்துவிடுங்கள். ஆயில் நிறம், தண்ணீர் மட்டம், குமிழி, கேஸ்கட் ஓரக் கசிவு, போல்ட் தலையில் போட்ட கோடு, ரேடியேட்டர் சல்லடை, டேப்பெட் கிளியரன்ஸ். கோளாறு இருந்தாலும் சரிசெய்ய ஒரு வாரம் கையில் இருக்கும். அதே கோளாறு நடவு நாளில் தெரியவந்தால், கேஸ்கட் விலையோடு ஆள் கூலியும், வாடகை வண்டிக்குக் கொடுக்கும் பணமும், வயதேறிய நாற்றும் சேர்ந்துதான் கணக்கில் வரும்.